ஒளிர் உணரியால் மாத்திரையின் வைட்டமினை அளக்கும்போது எண் தவறினால் எங்கே தேடுவது

ஒளிரும் வேதி உணரியைக் கொண்டு மருந்திலுள்ள வைட்டமினை அளப்பது, ஆய்வுக் கட்டுரைகளில் படிக்கும்போது வெகு சுலபமான வேலையாகத் தோன்றும். கார்பன் புள்ளி எனும் ஒளிரும் நானோ துகள்களின் கரைசலில் மாதிரியைச் சேர்க்க வேண்டியது, ஒளி கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க வேண்டியது, செறிவு தெரிந்த கரைசல்களைக் கொண்டு போட்ட அளவுத்திருத்தக் கோட்டில் பொருத்தி எண்ணை எழுத வேண்டியது. தூய வைட்டமினில் அப்படித்தான் நடக்கும். மாத்திரையை இடித்துக் கரைத்த பிறகுதான் வம்பு தொடங்குகிறது. 500 மில்லிகிராம் என்று அச்சிட்ட மாத்திரை 640 காட்டும். பி12 பாதிதான் இருப்பதாகச் சொல்லும். காலையில் போட்ட கோடு மாலையில் பொருந்தாது.

உணரிக்கு எந்த வைட்டமினையும் அடையாளம் தெரியாது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபெரிக் அயனியால், அதாவது இரும்பின் ஓர் அயனியால், ஒளி மங்கிய கார்பன் புள்ளிக்குத் தெரிவது, அந்த அயனி விலகிவிட்டது என்பது மட்டும். விலக்கியது வைட்டமின் சியா, சிட்ரிக் அமிலமா என்று அது கேட்பதில்லை. ஆகவே எண் தவறும்போது கருவியைக் குறை சொல்வதற்கு முன், அதே ஒளி மாற்றத்தை உண்டாக்கக்கூடிய வேறு பொருள் குவெட்டில், அதாவது ஒளி பாயும் சிறு அளவைக் குப்பியில், என்ன இருக்கிறது என்று பாருங்கள். கீழே உள்ளவை அறிகுறிவாரியாக. உங்கள் கோளாறு எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பத்தியை மட்டும் தாண்டிவிட வேண்டாம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் நான்கு குவெட்டுகள்

தாங்கல் கரைசல் மட்டும். தாங்கல் கரைசலும் உணரியும். தாங்கல் கரைசலும் மாத்திரைச் சாறும், உணரி இல்லாமல். கடைசியாக, உணரியோடு வைட்டமின் இல்லாத போலி மாத்திரைச் சாறு. நான்குக்கும் அதே பருமன், அதே தூண்டல் அலைநீளம், அதே பிளவு அகலம். மூன்றாவது குவெட் ஒளிர்ந்தால் மாதிரியே ஒளிர்கிறது. உங்கள் உணரி சொல்வதில் பாதி அதன் பேச்சல்ல. நான்காவதில் ஒளி மாறினால் துணைப்பொருட்கள் உணரியைத் தொடுகின்றன. போலி மாத்திரைக்கு உற்பத்தியாளரின் சூத்திரம் முழுவதும் கிடைக்காது. பொதியில் அச்சிட்டிருக்கும் துணைப்பொருட்களின் பட்டியலைப் பார்த்து, இருக்கக்கூடிய மிக அதிக அளவில் சேர்த்துக் கலந்தாலே போதும். இந்த நான்கையும் எடுக்காமல் கேட்கப்படும் சந்தேகத்துக்குப் பதில் சொல்வதில் பயனில்லை என்பது என் கருத்து.

வெற்றுக் கரைசலிலேயே ஒரு உச்சி தெரிகிறது

தூண்டல் அலைநீளத்தை 10 நானோமீட்டர் தள்ளிப் பாருங்கள். உச்சியும் கூடவே நகர்ந்தால் அது நீரின் ராமன் சிதறல். நீர், தூண்டும் ஒளியிலிருந்து சென்டிமீட்டருக்குச் சுமார் 3,400 அலையெண் கழித்த இடத்தில் ஒரு சிறு மேட்டைக் காட்டும். 350 நானோமீட்டரில் தூண்டினால் அது 397-ல் வரும்; 370-ல் தூண்டினால் 423-ல். இந்தச் சோதனையை உணரி இல்லாத குவெட்டில்தான் செய்ய வேண்டும். பல கார்பன் புள்ளிகளின் உமிழ்வும் தூண்டலோடு சேர்ந்து நகரும் என்பதால் உணரியை வைத்துக்கொண்டு பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

இதில் ரைபோஃப்ளேவினுக்கு ஒரு தனிப் பொறி இருக்கிறது. வைட்டமின் பி2 445 நானோமீட்டரை ஒட்டி நன்றாக உறிஞ்சும், 525-ஐ ஒட்டிப் பச்சையாக ஒளிரும். எல்லோரும் 445-லேயே தூண்டுகிறார்கள். 445-க்கான நீரின் ராமன் மேடு எங்கே விழுகிறது என்று கணக்குப் போட்டால் 524! அதாவது, குவெட்டில் வைட்டமின் துளியும் இல்லாவிட்டாலும் வைட்டமின் இருக்க வேண்டிய இடத்திலேயே ஒரு மேடு நிற்கும். செறிவு அதிகமானால் தெரியாது. மிகக் குறைந்த செறிவில் கண்டறியும் எல்லையைப் பொய்யாக்கிவிடும். 370-ல் தூண்டினால் ராமன் வெகு தூரம் போய்விடும், ரைபோஃப்ளேவினுக்கு அங்கேயும் ஒரு உறிஞ்சல் பட்டை இருக்கிறது. 267-ல் தூண்டலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. அப்போது ஒளிப்பிரிகைத் தகட்டின் இரண்டாம் வரிசைச் சிதறல் 534-ல் வந்து உட்காரும். உமிழ்வுப் பக்கத்தில் குறுகிய அலைகளை வெட்டும் வடிகட்டி இல்லாமல் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

உச்சி நகராமல் 430, 440-ஐ ஒட்டி நீல நிறத்தில் அகலமாக நின்றால், குவெட்டை எதில் கழுவினீர்கள் என்று பாருங்கள். சலவைத் தூளில் வெண்மையூட்டும் ஒளிர்பொருள் இருக்கும். அது நீலக் கார்பன் புள்ளியைப் போலவே ஒளிரும். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, தூய நீரில் பலமுறை அலசுங்கள். பாலிஸ்டைரீன் குவெட் 340 நானோமீட்டருக்குக் கீழே உதவாது, அங்கே குவார்ட்ஸ்தான்.

உச்சி தட்டையாக வெட்டப்பட்டதுபோல் இருக்கிறது

கருவியின் ஒளிப்பெருக்கிக் குழல் நிரம்பிவிட்டது. பிளவைக் குறையுங்கள் அல்லது மின்னழுத்தத்தைக் குறையுங்கள், வெற்றுக் கரைசலிலிருந்து மறுபடி எல்லாவற்றையும் எடுங்கள். பழைய எண்களை விகிதத்தால் பெருக்கிச் சரிசெய்ய முயல வேண்டாம்.

எண் ஓரிடத்தில் நிற்கவில்லை

இறங்குகிறதா, ஏறுகிறதா என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

இறங்கினால், ஒளித்தடுப்பை மூடி ஒரு நிமிடம் விட்டுத் திறந்து பாருங்கள். விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தால் ஒளியே பொருளைத் தின்றுகொண்டிருக்கிறது. மூடியிருந்த போதும் இறக்கம் நிற்கவில்லை என்றால் குவெட்டுக்குள் வேதிவினை நடக்கிறது, அல்லது துகள் அடியில் படிகிறது. ரைபோஃப்ளேவின் ஒளியில் சிதைவதில் பெயர் போனது. நடுநிலை அல்லது அமிலக் கரைசலில் லூமிகுரோமாகவும் காரக் கரைசலில் லூமிஃப்ளேவினாகவும் மாறும். லூமிஃப்ளேவினும் பச்சையாகவே ஒளிர்வதால் சிதைவு கண்ணுக்குத் தெரியாமலேயே போய்விடலாம். பழுப்புக் குடுவை, மங்கிய அறை, படிக்கும்போது மட்டும் திறக்கும் ஒளித்தடுப்பு: மூன்றும் வேண்டும். ஹெபிஸ் தாங்கல் கரைசலை ரைபோஃப்ளேவினோடு வெளிச்சத்தில் வைத்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். பல வைட்டமின்கள் சேர்ந்த மாத்திரையில் அந்தப் பெராக்சைடு வைட்டமின் சியைப் பதம் பார்க்கும்.

ஏறினால், பெரும்பாலும் வினை இன்னும் முடியவில்லை என்று பொருள். ஃபெரிக் அயனியையோ மாங்கனீசு டையாக்சைடு நானோ தகட்டையோ வைட்டமின் சி ஒடுக்கி ஒளியை மீட்கும் உணரிகளில் இது இயல்பு. நேரத்துக்கு எதிராக ஒரு வரைபடம் போட்டு, எங்கே சமநிலைக்கு வருகிறதோ அங்கே படியுங்கள். செறிவு தெரிந்த தரக் கரைசலுக்கு ஒரு நேரம், மாதிரிக்கு ஒரு நேரம் என்று படித்த அட்டவணைகளை நிறையப் பார்க்க முடிகிறது. நுரைக்கும் மாத்திரையானால், குவெட் சுவரில் ஒட்டிய கார்பன் டையாக்சைடு குமிழிகளும் எண்ணை ஆட்டும். மீயொலித் தொட்டியில் வைத்து வாயுவை வெளியேற்றிவிட்டுப் படியுங்கள்.

வைட்டமின் சி லேபிளில் உள்ளதைவிட மிக அதிகமாக வருகிறது

இது மிகப் பரவலான கோளாறு, மிகக் குறைவாகச் சரிபார்க்கப்படுவதும்கூட. கார்பன் புள்ளியும் ஃபெரிக் அயனியும் சேர்ந்த உணரியை எடுத்துக்கொள்வோம். ஃபெரிக் அயனி புள்ளியின் மேற்பரப்பிலுள்ள ஆக்சிஜன் குழுக்களைப் பற்றிக்கொண்டு ஒளியைத் தணிக்கிறது. வைட்டமின் சி அதை ஃபெரஸ் அயனியாக ஒடுக்குகிறது. பிடி தளர்ந்து ஒளி மீள்கிறது. கட்டுரையில் இவ்வளவுதான் இருக்கும்.

இப்போது நுரைக்கும் மாத்திரையின் பட்டியலைப் பாருங்கள். வைட்டமின் சி, சோடியம் பைகார்பனேட், சிட்ரிக் அமிலம். சிட்ரேட் ஃபெரிக் அயனியை நன்றாகவே பற்றிக்கொள்ளும். ஒடுக்கவே வேண்டாம், புள்ளியிடமிருந்து பிடுங்கினால் போதும், ஒளி மீண்டுவிடும். ஊசி மருந்திலோ இடிடிஏ இருக்கலாம். அது சிட்ரேட்டைவிட வலிமையான பிடுங்கி. கூடவே ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கச் சேர்க்கும் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் இருந்தால் அது வைட்டமின் சி செய்கிற ஒடுக்கும் வேலையையே செய்யும். மாங்கனீசு டையாக்சைடு உணரிக்கு மாறினால் சிட்ரேட்டின் தொல்லை குறையும். ஆனால் சல்ஃபைட், சிஸ்டீன், குளுட்டாதயோன் போன்ற ஒடுக்கிகளின் தொல்லை அப்படியேதான் இருக்கும்.

எது குற்றவாளி என்று பிரிக்க எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான வழி அஸ்கார்பேட் ஆக்சிடேஸ் நொதி. மாத்திரைச் சாற்றை இரண்டாகப் பிரியுங்கள். பிஎச் 6-ஐ ஒட்டிய தாங்கல் கரைசலில் ஒரு பங்கில் நொதியையும், மற்றதில் கொதிக்கவைத்துச் செயலிழந்த அதே நொதியையும் சேருங்கள். அறை வெப்பத்தில் வினை முடிய விடுங்கள். 265 நானோமீட்டரில் வைட்டமின் சியின் உறிஞ்சல் இறங்கி நின்றுவிட்டதா என்று பார்த்தால் முடிந்ததா இல்லையா என்பது தெரியும். அதன் பிறகு இரண்டிலும் உணரியைச் சேருங்கள். நொதி வைட்டமின் சியை மட்டும்தான் அழிக்கும். நொதி சேர்த்த பங்கிலும் ஒளி மீண்டால் அந்த மீட்சி வைட்டமினுடையது அல்ல. இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாடுதான் வைட்டமின். செயலிழந்த நொதியை ஏன் சேர்க்க வேண்டும் என்றால், புரதமே கார்பன் புள்ளியில் ஒட்டி ஒளியை மாற்றக்கூடும். அந்த மாற்றம் இரண்டு பங்கிலும் சமமாக இருந்தால்தான் கழித்தலுக்குப் பொருள் உண்டு.

இங்கே ஒரு மனத்தாங்கலைச் சொல்லியே ஆக வேண்டும். மாத்திரைச் சாற்றில் தெரிந்த அளவு வைட்டமினைக் கூடுதலாகச் சேர்த்து, சேர்த்தது முழுவதும் திரும்பக் கிடைத்தது, மீட்பு 99 விழுக்காடு என்று அட்டவணை போட்டுவிட்டு முறை செல்லுபடியாகும் என்று முடித்துவிடுகிறார்கள். மீட்புச் சோதனையும் நியமச் சேர்ப்பு முறையும் கோட்டின் சாய்வு மாறும் பிழையைத்தான் பிடிக்கும். சிட்ரேட் சேர்ப்பதோ சாய்வை மாற்றாமல் எல்லாவற்றையும் ஒரே அளவில் மேலே தூக்கும் பிழை. 640 காட்டும் மாத்திரையில் 100 சேர்த்தால் 740 காட்டும். மீட்பு அழகாக 100 விழுக்காடு வரும். விடை மட்டும் தவறாகவே இருக்கும்.

வைட்டமின் சி குறைவாக வருகிறது

பெரும்பாலும் நீங்கள் அளப்பதற்குள் அது ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது. நீர்த்த கரைசலில், நடுநிலை பிஎச்சில், மிகச் சிறிதளவு தாமிர அயனி இருந்தாலே வேகம் கூடும். தாதுச் சத்துகள் சேர்ந்த மாத்திரையில் தாமிரம் லேபிளிலேயே இருக்கும். மெட்டாஃபாஸ்பாரிக் அமிலத்தில் கரைத்துக் குளிரவைத்து, அன்றன்றே அளந்துவிடுங்கள். அந்த அமிலமும் மெதுவாக ஆர்த்தோஃபாஸ்பாரிக் அமிலமாக மாறும் என்பதால் பழைய புட்டியை நம்ப வேண்டாம். ஆனால் இங்கே ஒரு முரண்: ஃபாஸ்ஃபேட்டும் ஃபெரிக் அயனியைப் பற்றும். வைட்டமினைக் காக்கும் அமிலமே உணரியைக் கெடுக்கிறது. வழக்கமான வழி, தரக் கரைசல், வெற்றுக் கரைசல், மாதிரி மூன்றிலும் அமிலத்தின் அளவை ஒன்றாக வைப்பது. அளந்து முடிக்கும் நேரம் சிறியதானால், அதைவிட எளிது ஆக்சிஜன் நீக்கிய நீரில் கரைத்து உடனே படித்துவிடுவது.

பிஎச்சையும் பாருங்கள். 500 மில்லிகிராம் வைட்டமின் சியை 500 மில்லிலிட்டரில் கரைத்தால் பிஎச் 3-ஐ ஒட்டி இறங்கும். தாங்கல் கரைசல் பலவீனமாக இருந்தால் குவெட்டின் பிஎச்சும் இறங்கி, கார்பன் புள்ளியின் ஒளியே மாறிவிடும். காட்மியம் டெல்லுரைடு குவாண்டம் புள்ளிகளில் நிலைமை இன்னும் மோசம்: அமிலத்தில் மேற்பரப்பின் தயோல் உறை கழன்று, புள்ளிகள் திரண்டு, கண்ணெதிரே கலங்கும். மாதிரியைச் சேர்த்த பிறகு குவெட்டில் பிஎச் எவ்வளவு என்று அளங்கள். தாங்கல் கரைசலின் புட்டியில் எழுதியிருப்பது போதாது.

ஒளித் தணிப்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எது தணிக்கிறது?

இதை ஒரு கோளாறாகவே யாரும் நினைப்பதில்லை; கோடு நேராக வந்துவிட்டால் கேள்வியும் எழுவதில்லை. ஆனால் ஃபோலிக் அமிலத்துக்கும் பி12-க்கும் செய்யப்பட்ட உணரிகளில் இங்கேதான் சிக்கல் குவிந்திருக்கிறது.

350-ஐ ஒட்டித் தூண்டும் நீலக் கார்பன் புள்ளிகள் பல. ஃபோலிக் அமிலம் நடுநிலைக் கரைசலில் 282-லும் 350-ஐ ஒட்டியும் உறிஞ்சும். பி12, அதாவது சயனோகோபாலமின், 278, 361, 550 நானோமீட்டரில் உறிஞ்சும். அதில் 361 மிக வலுவானது. அப்படியானால் வைட்டமின் உணரியைத் தொடாமலேயே, தூண்டும் ஒளியைப் பாதி வழியில் விழுங்கிவிடலாம். உணரிக்கு வெளிச்சம் குறைகிறது, ஒளிர்வும் குறைகிறது, நாம் அதைத் தணிப்பு என்று எழுதுகிறோம். இதுதான் உள்வடிகட்டல் விளைவு.

எவ்வளவு என்று பார்த்துவிடலாம். ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் கருவி நடுப்பகுதியைத்தான் பார்க்கிறது. தூண்டும் ஒளி அங்கே வர அரை சென்டிமீட்டர் கடக்க வேண்டும். பி12-இன் மோலார் உறிஞ்சல் கெழு 361-ல் சுமார் 27,500. செறிவு 10 மைக்ரோமோலார் என்றால் உறிஞ்சல் 0.28, அரை வழியில் 0.14. நடுவுக்கு வந்துசேரும் ஒளி 72 விழுக்காடுதான். எந்த வேதிவினையும் இல்லாமலேயே 28 விழுக்காடு தணிப்பு கிடைத்துவிட்டது! ஃபோலிக் அமிலத்தின் கெழு 350-ஐ ஒட்டிச் சுமார் 7,000. 20 மைக்ரோமோலாரில் இதே கணக்கு 15 விழுக்காடு தணிப்பைக் கொடுக்கும்.

இதை ஸ்டெர்ன்–வோல்மர் கோடாக வரைந்தால், அதாவது தொடக்க ஒளிர்வை வைட்டமின் சேர்த்த பின் உள்ள ஒளிர்வால் வகுத்துச் செறிவுக்கு எதிராக வரைந்தால், குறைந்த செறிவில் பி12-க்குச் சாய்வு மோலாருக்குச் சுமார் 32,000 வரும். ஃபோலிக் அமிலத்துக்குச் சுமார் 8,000. உங்கள் சோதனையில் கிடைத்த சாய்வு, அதாவது தணிப்பு மாறிலி, இந்த எண்களின் அக்கம்பக்கத்தில் இருந்தால், நீங்கள் செய்தது உணரி அல்ல, சுற்றுவழியில் ஓர் உறிஞ்சல்மானி. சரிசெய்ய ஒரு சூத்திரம் உண்டு: தூண்டல் அலைநீளத்திலும் உமிழ்வு அலைநீளத்திலும் உள்ள உறிஞ்சல்களைக் கூட்டிப் பாதியாக்கி, அதைப் பத்தின் அடுக்காக வைத்து, கண்ட ஒளிர்வோடு பெருக்க வேண்டும். பெருக்கிய பிறகும் தணிப்பு மிச்சம் இருந்தால் அதுதான் உண்மையான தணிப்பு. தூண்டல் உறிஞ்சல் மட்டுமே 0.1 ஆனாலும் திருத்தம் 12 விழுக்காடு, அதனால்தான் 0.05-க்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

ஒளிர்வின் ஆயுட்காலத்தை அளக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. மோதலால் வரும் தணிப்பில் ஆயுட்காலம் குறையும். உள்வடிகட்டலிலும், இரண்டும் முன்கூட்டியே பிணைந்துகொள்ளும் நிலைத் தணிப்பிலும் குறையாது. வசதி இல்லாவிட்டால் ஒரு வகுத்தல் கணக்கு போதும். மாறிலி 30,000, ஆயுட்காலம் தோராயமாக 5 நானோவினாடி என்று வைத்துக்கொண்டால், மோதல் வேக மாறிலி 6,00,000 கோடி, அதாவது 6-க்குப் பின் பன்னிரண்டு சுழிகள். நீரில் மூலக்கூறுகள் மோதக்கூடிய உச்ச வேகமே 1-க்குப் பின் பத்துச் சுழிகள் அளவில்தான். அதைப்போல் அறுநூறு மடங்கு வேகத்தில் மோத முடியாது. ஆகவே அது மோதல் அல்ல.

உள்வடிகட்டலை நம்பியே அளப்பது தவறில்லை. ஆனால் அதே அலைநீளத்தில் உறிஞ்சும் எதுவும் வைட்டமினாகக் கணக்கில் ஏறும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரே வைட்டமின் உள்ள மாத்திரைக்கு அது பரவாயில்லை. அப்படிப்பட்ட மாத்திரைக்குச் சாதாரண உறிஞ்சல்மானியே போதுமே, கார்பன் புள்ளி எதற்கு என்று யாராவது கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை.

கோடு மேல்நோக்கி வளைந்தால் முதல் சந்தேகம் மறுபடியும் உள்வடிகட்டல். திருத்திய பிறகும் வளைந்தால் மோதலும் பிணைப்பும் சேர்ந்து நடக்கின்றன. கீழ்நோக்கி வளைந்தால் உணரியில் இருவகை ஒளிர்பொருள் இருக்கிறது, ஒன்றை வைட்டமின் தொட முடியவில்லை. சிட்ரிக் அமிலத்தையும் எத்திலீன் டைஅமீனையும் சூடாக்கிச் செய்யும் கார்பன் புள்ளியில் இது சகஜம். புள்ளியோடு கூடவே சிறு மூலக்கூறு ஒளிர்பொருளும் உருவாகும், அதுவும் மிகப் பிரகாசமாக. சவ்வூடு பிரித்தலை நிதானமாக, வெளிநீர் ஒளிர்வது நிற்கும்வரை செய்யுங்கள்.

தனி வைட்டமினில் சரியாக இருக்கிறது, பல வைட்டமின் மாத்திரையில் மட்டும் கெடுகிறது

மாத்திரைச் சாறு மஞ்சளாக இருந்தால் ரைபோஃப்ளேவினைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். அது 445-ல் உறிஞ்சுவதால் 440-ல் ஒளிரும் கார்பன் புள்ளியின் ஒளியை அப்படியே குடித்துவிட்டு, 525-ல் தன் பச்சையைக் கக்கும். நீலம் குறைகிறது, பச்சை கூடுகிறது. விகித உணரி என்று பெயர் வைத்துக் கொண்டாடலாம், நீங்கள் தேடுவது பி2 என்றால். தேடுவது ஃபோலிக் அமிலம் என்றால் இது வெறும் தொல்லை. முழு நிறமாலையையும் எடுங்கள். ஒற்றை அலைநீளத்தில் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டால் இந்தப் பச்சை உங்களுக்குத் தெரியவே தெரியாது. பி2-இன் பங்கை மட்டும் தனியாக அறிய, சிறிது சோடியம் டைதயோனைட் சேருங்கள். ரைபோஃப்ளேவின் ஒடுங்கி அதன் பச்சை அணைந்துவிடும், மிச்சமிருக்கும் ஒளி மற்றவற்றுடையது. டைதயோனைட் சேர்த்த அந்தக் குவெட்டை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

மாத்திரையின் மேற்பூச்சு அடுத்தது. டார்ட்ரசின் 427-ஐ ஒட்டியும் சன்செட் மஞ்சள் 480-ஐ ஒட்டியும் உறிஞ்சும். எரித்ரோசின் தானே ஒளிரும். டைட்டானியம் டையாக்சைடு கரையாமல் மிதந்து ஒளியைச் சிதறடிக்கும். மையவிலக்கியில் சுழற்றி, 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, முதல் சில மில்லிலிட்டரைக் கொட்டிவிடுங்கள். வடிகட்டிச் சவ்வே வைட்டமினைப் பிடித்துவைக்கிறதா என்று தரக் கரைசலை வடிகட்டியும் வடிகட்டாமலும் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

குறைவாக வந்தால் கரைதலையும் சந்தேகியுங்கள். ரைபோஃப்ளேவின் ஒரு லிட்டர் நீரில் சுமார் 0.1 கிராம்கூடக் கரையத் தயங்கும். 10 மில்லிகிராம் மாத்திரையை 100 மில்லிலிட்டரில் கரைப்பது அந்த விளிம்பில் நிற்பது. நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் இளஞ்சூட்டில், ஒரு லிட்டரில் கரையுங்கள். ஃபோலிக் அமிலம் வெறும் நீரில் ஏறக்குறையக் கரையாது. நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்துப் பிறகு தாங்கல் கரைசலில் நீர்க்கச் செய்யுங்கள். வெளிச்சத்தில் வைத்த ஃபோலிக் அமிலம் சிதைந்து உண்டாகும் டெரின்கள் 450-ஐ ஒட்டி நீலமாக ஒளிரும். அப்போது தணிய வேண்டிய ஒளி கூடிக்கொண்டே போகும்.

யூரோப்பியம் அல்லது டெர்பியம் உணரியின் ஒளி காணாமல் போகிறது

ஃபாஸ்ஃபேட்தான். இந்த அருமண் உலோக அயனிகள் ஃபாஸ்ஃபேட்டைக் கண்டால் உணரியை விட்டுப் போய்விடும், பெரும்பாலும் வீழ்படிவாக. தாங்கல் கரைசலை ஹெபிஸ் அல்லது டிரிஸ்ஸாக மாற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம். மாத்திரைக்கு வடிவம் கொடுக்கச் சேர்க்கும் டைகால்சியம் ஃபாஸ்ஃபேட் அமிலத்தில் கரைத்ததும் வெளியே வரும். போலி மாத்திரையில் அதைச் சேர்க்க மறக்காதீர்கள். மற்றபடி இவற்றில் ஒரு பெரிய வசதி உண்டு: ஒளிர்வு மில்லிவினாடிக் கணக்கில் நீடிக்கும். தூண்டல் துடிப்புக்குப் பின் 50 அல்லது 100 மைக்ரோவினாடி பொறுத்துப் படித்தால், ரைபோஃப்ளேவின், சாயம், பிளாஸ்டிக் எல்லாவற்றின் நானோவினாடி ஒளியும் அதற்குள் அடங்கியிருக்கும். யூரோப்பியத்தின் 615, டெர்பியத்தின் 545 நானோமீட்டர் மட்டும் மிஞ்சும். ஆனால் தூண்டும் ஒளியை மாதிரி விழுங்குவது இதனால் தீராது.

தயமின் பாதிதான் வருகிறது

தயமின், அதாவது வைட்டமின் பி1, தானாக ஒளிராது. காரத்தில் பொட்டாசியம் ஃபெரிசயனைடு அதைத் தயோகுரோமாக மாற்றிய பிறகு, 365-ல் தூண்டினால் 435-ஐ ஒட்டி நீலமாக ஒளிரும். அதே மாத்திரையில் வைட்டமின் சி நிறைய இருந்தால் ஃபெரிசயனைடை அது முதலில் தின்றுவிடும். மஞ்சள் நிறம் மறையாமல் நிற்கும்வரை ஃபெரிசயனைடு சேருங்கள், அதற்கு மேல் கொட்ட வேண்டாம். தயோகுரோமைப் பிரித்தெடுக்கும் ஐசோபியூட்டனால் படலம் கலங்கியிருந்தால் நீர்த் துளிகள் இருக்கின்றன. நீரற்ற சோடியம் சல்ஃபேட் போட்டுத் தெளிய வையுங்கள்.

நேற்றைய கோடு இன்று பொருந்தவில்லை

குவினைன் சல்ஃபேட்டை நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்து, 350-ல் தூண்டி 450-ல் படித்துவையுங்கள். அது குறைந்திருந்தால் விளக்கு களைத்துவிட்டது. குறையாமல் உங்கள் உணரி மட்டும் குறைந்திருந்தால் உணரி பழுது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைக்காதீர்கள். குளோரைடு குவினைனின் ஒளியைத் தணிக்கும், சோதிக்க வைத்ததே கோளாறாகிவிடும். ஃபெரிக் கரைசல் பழையதானால் ஹைட்ராக்சைடாகி மங்கலான பழுப்பாகியிருக்கும். நீர்த்த அமிலத்தில் அன்றே கலக்க வேண்டும். வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் பல ஒளிர்பொருட்கள் ஒன்றிரண்டு விழுக்காடு மங்கும் என்பதால் குவெட் தாங்கியின் நீர்ச்சுற்றை அணைத்துவைத்துவிட்டு எண் ஏன் மாறுகிறது என்று தேட வேண்டாம். கார்பன் புள்ளியின் புதுத் தொகுதி என்றால் கோட்டையும் புதிதாகப் போட வேண்டும். பழைய கோட்டோடு ஒட்டவைக்கும் குறுக்குவழி எதுவும் கிடையாது.

எல்லாம் சரி, விடை மட்டும் ஒரு முழு மடங்கில் தவறுகிறது

இது வேதியியல் அல்ல, கணக்கு. 500 மில்லிகிராம் வைட்டமின் சி 500 மில்லிலிட்டரில் 5.68 மில்லிமோலார், அதில் ஒரு மில்லிலிட்டரை 100 ஆக்கினால் 56.8 மைக்ரோமோலார், அதில் ஒரு மில்லிலிட்டரை உணரியோடு சேர்த்து மூன்று மில்லிலிட்டராக்கினால் குவெட்டில் 18.9 மைக்ரோமோலார். கடைசி மூன்று மடங்கைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். விடை மூன்றில் ஒரு பங்காக வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

12 விழுக்காடு வேறுபட்டால் உப்பைப் பாருங்கள். 500 மில்லிகிராம் வைட்டமின் சிக்குச் சமம் சுமார் 562 மில்லிகிராம் சோடியம் அஸ்கார்பேட். லேபிள் எதைச் சொல்கிறது, உங்கள் தரக் கரைசல் எதில் செய்தது என்று இரண்டையும் ஒப்பிடுங்கள். மாத்திரைக்கு மாத்திரை எண் தாவினால் ஒற்றை மாத்திரையை விட்டுவிட்டு, இருபது மாத்திரைகளை எடைபோட்டுச் சராசரி கண்டு, நன்றாக அரைத்து, ஒரு மாத்திரைக்குச் சமமான தூளை எடுங்கள். பி12 போன்று மைக்ரோகிராமில் இருப்பவை தூளில் சீராகப் பரவாமல் இருக்கலாம் என்பதால் அரைப்பதில் சோம்பல் கூடாது.

நொதிச் சோதனை, போலி மாத்திரை, உள்வடிகட்டல் திருத்தம் எல்லாம் முடிந்த பிறகும் 115 விழுக்காடு வந்தால், அது உண்மையாகவே இருக்கலாம். காலாவதி நாள்வரை லேபிள் அளவு நிற்க வேண்டும் என்பதற்காக, சிதையும் வைட்டமின்களை உற்பத்தியாளர் கூடுதலாகவே போடுவது வழக்கம். பொதியின் உற்பத்தித் தேதியைப் பாருங்கள். அதே தூளை எச்பிஎல்சியில் (பொருட்களைப் பிரித்து அளக்கும் நீர்ம நிறப்பிரிகைக் கருவியில்) ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இரண்டும் 115 என்றால் உணரியைத் தொடாதீர்கள்.